வாசிக்கக் கற்பது எப்படி நடக்கிறது? தொடக்கப்பள்ளிப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாலை, பாடப்புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கம் முழுவதையும் தடுமாறாமல் வாசித்துக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஏதோ தோன்ற, பக்கத்தில் இருந்த படத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, நடுவில் ஒரு சொல்லை மட்டும் தொட்டுக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். 'குளம்' என்ற சொல் அது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு "தண்ணி" என்றாள்.

அவள் என்னை ஏமாற்றவில்லை. டீச்சர் வகுப்பில் நாலைந்து முறை வாசித்ததைக் காதால் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். படத்தைப் பார்த்து, எந்த வரி எங்கே வரும் என்று நினைவுபடுத்திக்கொள்கிறாள். ஆறு வயதில் அது கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வாசிப்பு இல்லை. பள்ளியில் வாசிப்பை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஏன் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேச்சு குழந்தைக்குத் தானாக வருகிறது. யாரும் பாடம் நடத்தாமலே, சுற்றி இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டே மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசும். எழுத்து அப்படி வருவதில்லை. மனிதர்கள் எழுத ஆரம்பித்து ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் உருவாக அந்தக் காலம் போதாது. முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதிகளுக்கு அருகில், மூளையின் இடப்பக்கத்தில் பின்புறமாக உள்ள ஒரு சிறு இடம், வாசிக்கக் கற்றபிறகுதான் எழுத்துக்கென்று பழகுகிறது என்பதை ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் போன்ற பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நிறையப் புத்தகம் வாங்கி அடுக்கினால் குழந்தை தானே வாசிக்கப் பழகிவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் பொய்த்துப்போவது இதனால்தான். யாராவது உட்கார்ந்து, படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எதைச் சொல்லிக்கொடுப்பது? 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. கூட்டல் என்றால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். தேவநாகரி எழுத்தை மட்டும் கற்றுக்கொண்ட ஒருவர் சமஸ்கிருதப் பக்கம் ஒன்றைச் சத்தமாக வாசித்துவிடலாம். ஒரு வரியும் அவருக்குப் புரியாது. என் மகளோ நேர் எதிர். குளம் என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவாள். அந்த மூன்று எழுத்தைத்தான் ஒலியாக்கத் தெரியவில்லை. குழந்தை எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், வீட்டில் என்ன செய்வது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எழுத்தை ஒலியாக்கும் பக்கத்தை முதலில் பார்ப்போம். அது கண்ணில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. பேச்சு என்பது தனித்தனி ஒலிகளால் ஆனது என்று குழந்தைக்குத் தெரியாது. அதன் காதில் 'பால்' என்பது குடிக்கிற ஒன்று, அவ்வளவுதான். அதில் ப் என்ற ஒலி முதலில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு க் போட்டால் 'கால்' ஆகும், வ் போட்டால் 'வால்' ஆகும் என்று பிடிபடுவது ஒரு தனித் திறன். இதை ஒலியன் உணர்வு என்கிறார்கள். புத்தகமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு விளையாடிப் பழக்கக்கூடியது. நடந்து போகும்போதும், குளிப்பாட்டும்போதும், தூங்கவைக்கும்போதும் செய்யலாம். வகுப்பில் டீச்சர் சொல்லை உடைத்துக் கைதட்டவைத்தால், "பாடம் நடத்தாமல் விளையாடிக்கொண்டிருக்கிறார்" என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் பாடம்.

தமிழ்க் குழந்தைகளுக்கு 'மரம்' என்பதை ம, ர, ம் என்று உடைப்பது சீக்கிரம் வந்துவிடும், நம் எழுத்தே அப்படித்தான் பிரிந்து நிற்கிறது. ம என்ற ஒற்றை எழுத்துக்குள் ம், அ என்று இரண்டு ஒலிகள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் தாமதமாகப் புரியும். அது புரிந்த அன்றைக்குக் குழந்தையின் சுமை சட்டென்று குறைகிறது. 247 எழுத்து என்றதும் நாமே மலைக்கிறோம். ஆனால் 12 உயிர், 18 மெய் என்ற 30 ஒலிகளும், அவை சேரும் விதமும் கைக்கு வந்துவிட்டால், 216 உயிர்மெய்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் இலக்கணம் இந்த முப்பதையும் முதலெழுத்து என்று பிரித்து வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

எல்லாமே இவ்வளவு ஒழுங்காக நடந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆகாரத்துக்குத் துணைக்கால், க-வுக்கும் ம-வுக்கும் ஒரே கால். குழந்தை ஒரு தடவை கற்றால் போதும். உகரத்துக்கு வந்தால் கு ஒரு மாதிரி வளைகிறது, சு கீழே இறங்குகிறது, து வேறு விதமாகச் சுழிக்கிறது, மு இன்னொரு மாதிரி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். கொம்பு போடும் எழுத்துகளில் இன்னொரு சிக்கல். 'மேடை' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு. நாக்கு முதலில் சொல்ல வேண்டியது ம். 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. குழந்தை கொம்பைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, அடுத்ததையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒலிக்க வேண்டும். அந்த ஒரு கண நிறுத்தத்தைப் பார்த்து நாம் பொறுமை இழக்கிறோம். உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று தெரிந்தால் இழக்க மாட்டோம்.

மெய்யெழுத்தின் பெயரும் வழியில் வந்து நிற்கும். ம் என்பதை 'இம்' என்றும், ட் என்பதை 'இட்' என்றும்தான் சொல்லிக்கொடுக்கிறோம், தனி மெய்யை உச்சரிக்க அது வசதி. குழந்தை 'அம்மா'வை எழுத்துக்கூட்டும்போது "அ, இம், மா" என்று சொல்லும். மூன்றையும் சேர்க்கச் சொன்னால் "அஇம்மா" என்று திணறும். இது மக்குத்தனம் இல்லை. பெயரில் ஒட்டியிருக்கிற இகரத்தை உதறிவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுத்துக் காட்டி, "அ...ம்ம்...மா" என்று விட்டுவிடாமல் ஒட்டிச் சொல்லிக் காட்டுங்கள். நாலு சொல்லில் பிடித்துக்கொள்ளும். என் மகளின் தடையில் பெரும்பகுதி இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

இன்னொன்றும் உண்டு. 'கல்', 'அகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க-தான், மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லிக்கொடுப்பதில்லை, சொல்லவும் தேவையில்லை. குழந்தை முதலில் வல்லின ஒலியோடு "தங்-கம்" என்று கூட்டும். அடுத்த நொடி, ஏற்கெனவே காதில் கேட்ட 'தங்கம்' அதைத் திருத்திவிடும். எழுத்து பாதி வழி கொண்டுபோய்விடுகிறது, தெரிந்த சொல் மீதி வழி கைபிடிக்கிறது. அப்படியானால், அறவே கேட்டிராத சொல் வந்தால்? அங்கேதான் பெருக்கலின் மறுபக்கம் எட்டிப்பார்க்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். அது எழுத்துமுறையைப் பொறுத்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு ஃபிலிப் சீமோர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டுப் பள்ளிப்படிப்பின் முடிவில் ஃபின்னிஷ் குழந்தைகள் பழகிய சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் வாசித்த குழந்தைகள் 34 சதவீதம்தான். ஆங்கிலக் குழந்தைகள் வயதில் இளையவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் முக்கியக் காரணம் எழுத்துதான். ஃபின்னிஷில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு ஐந்தாறு விதமாக ஒலிக்கும். நம் எழுத்து பெரும்பாலும் ஒலிக்கு விசுவாசமானது, ஆனால் உருவங்கள் நிறைய. நம்மைப் போலவே உயிர்மெய் கொண்ட கன்னடத்தில் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் எழுதினார்: எல்லா எழுத்துகளும் கைவசமாக ஓரிரு ஆண்டு போதவில்லை, தொடக்கப்பள்ளியின் பிற்பகுதி வரை அது நீள்கிறது. ஆகவே தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் கற்கும் குழந்தை இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. ஒன்றில் வேகமாகவும் மற்றதில் மெதுவாகவும் போனால் அதில் அதிசயம் இல்லை.

எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறையாகச் சொல்லிக்கொடுப்பதை ஆங்கிலப் பாடத்தில் ஃபோனிக்ஸ் என்கிறார்கள். இதைச் சுற்றி நீண்ட காலமாக ஒரு சண்டை நடந்தது, அதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1967-இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர், வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்றார். நன்றாக வாசிப்பவர் ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பதில்லை, சூழலை வைத்து ஊகித்துக்கொண்டே போகிறார் என்பது அவர் வாதம். அதிலிருந்து வந்ததுதான் தெரியாத சொல் வந்தால் "படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி" என்று சொல்லும் பழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணசைவைக் கருவிகளால் அளந்து பார்த்தபோது வேறு உண்மை தெரிந்தது. நன்றாக வாசிப்பவர்களின் கண் பெரும்பாலான சொற்களில் நின்று, எழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது. அது மிக வேகமாக நடப்பதால் நமக்கே தெரிவதில்லை. ஊகத்தை நம்பியிருப்பது வாசிக்கத் திணறுபவர்களின் வழி.

அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதால் அமைந்த தேசிய வாசிப்புக் குழு 2000-இல் தந்த அறிக்கை, ஒலியன் உணர்வு, ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், புரிதல் என்ற ஐந்தையும் முன்னிறுத்தியது. இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் தலைமையிலான ஆய்வறிக்கை ஃபோனிக்ஸ் என்கிற இந்த ஒலிமுறைப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. 2012 முதல் அங்கே முதல் வகுப்பு முடிவில் எல்லாக் குழந்தைகளுக்கும் 40 சொற்கள் கொண்ட ஒரு சிறு சோதனை நடக்கிறது. அதில் பாதி, பொருளே இல்லாத சொற்கள். பொருளற்ற சொல்லை மனப்பாடமாகச் சொல்ல முடியாது, படம் பார்த்தும் ஊகிக்க முடியாது. எழுத்தை ஒலியாக்கினால்தான் வரும். வீட்டில் நீங்களும் செய்யலாம். ஒரு தாளில் 'மிபூ', 'டொகு', 'நேசிமா' என்று எழுதி, வேற்றுக்கிரகவாசிகளின் பெயர் என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தை சிரித்துக்கொண்டே வாசித்துவிட்டால் அந்தப் பக்கம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கே தடுக்கிறதோ, அந்த உயிர்மெய் வரிசையைத்தான் இன்னும் பழக்க வேண்டும்.

நான் இதில் தயங்காமல் ஒரு பக்கம் நிற்கிறேன். படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்வது குழந்தைக்கு உதவியில்லை. மூன்றாம் வகுப்பில் படம் குறையும், நான்கில் இன்னும் குறையும். அதுவரை ஊகித்தே வந்த குழந்தை அங்கே ஊன்றுகோல் இல்லாமல் நிற்கும்.

எழுத்துக்கூட்டி வாசிப்பது பெரிய உழைப்பு. 'பட்டாம்பூச்சி'யை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள், வாக்கியத்தின் ஆரம்பத்தில் என்ன இருந்தது என்பதே மறந்துபோகும். மனிதக் கவனம் அளவானது. எழுத்தை ஒலியாக்குவதிலேயே அது முழுவதும் செலவானால் பொருளுக்கு மிச்சம் இருக்காது. 1974-இல் டேவிட் லாபெர்ஜ், ஜே சாமுவேல்ஸ் இருவரும் சொன்னது இதைத்தான். சரளம் தேவைப்படுவது வேகப்போட்டிக்காக இல்லை, கவனத்தைப் பொருளுக்கு விடுவிப்பதற்காக. சரளம் எப்படி வருகிறது என்றால், ஒரு சொல்லைச் சில தடவை சரியாகக் கூட்டி வாசித்தபின், அதன் எழுத்தும் ஒலியும் பொருளும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் பார்த்தவுடன் வந்துவிடும். அதனால் ஒரே கதையை நாலாவது முறையாக எடுத்துக்கொண்டு வந்தால் "இதைத்தான் படிச்சாச்சே" என்று தள்ளாதீர்கள். சாமுவேல்ஸ் 1979-இல் மறுவாசிப்பையே ஒரு பயிற்சிமுறையாக முன்வைத்தார். இன்றும் பல வகுப்பறைகளில் அது நடக்கிறது.

இப்போது மறுபக்கம், மொழியைப் புரிந்துகொள்வது. தமிழ்க் குழந்தைக்கு இங்கே தனியாக ஒரு மேடு இருக்கிறது. வீட்டில் அது கேட்பது "வந்துகிட்டிருக்கான்". புத்தகத்தில் இருப்பது "வந்துகொண்டிருக்கிறான்". எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரியாகக் கூட்டி முடித்தாலும், 'தங்கம்' திருத்திக்கொண்டதைப் போல இதைத் திருத்திக்கொள்ளக் காதில் எதுவும் இல்லை. பேச்சுத்தமிழ் நன்றாக வரும் குழந்தைகூட எழுத்துத்தமிழில் பாதி அந்நியன்தான். இதற்கு மருந்து ஒன்றே ஒன்று, புத்தகத்தை எழுத்துத்தமிழிலேயே நாம் வாசித்துக் காட்டுவது. குழந்தை தானாக வாசிக்க ஆரம்பித்ததும் நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். அது தவறு. குழந்தை தன் சக்தியில் வாசிக்கக்கூடிய புத்தகம் எளிமையானது. அதன் புத்திக்கு எட்டக்கூடிய கதையோ அதைவிடப் பெரியது. அந்தப் பெரிய கதையைப் பல ஆண்டுகள் நாம்தான் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, "ஏன் அப்படிச் செய்தான்?", "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டு, குழந்தை சொல்லும் பதிலோடு ஒரு வரி சேர்த்துத் திருப்பிச் சொல்வதைக் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் சோதித்தபோது, அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன் மேலும் வளர்ந்தது.

பொருளறிவு எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்ட 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி செய்த ஒரு ஆய்வைச் சொல்வார்கள். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை 64 நடுநிலைப்பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களில் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டு, அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆக, எறும்பு எப்படிப் புற்று கட்டுகிறது, மழை எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் பேசிக்கொண்டே நடப்பதும் வாசிப்புப் பாடம்தான். ஜீன் சால் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாசிப்பின் படிநிலைகளை வகுத்தபோது, ஏறக்குறைய ஒன்பது வயதில், நான்காம் வகுப்பில், குழந்தை வாசிக்கக் கற்பதிலிருந்து கற்பதற்காக வாசிப்பதற்கு மாறுகிறது என்றார். அதுவரை நன்றாகப் போன குழந்தை அங்கே திடீரென்று பின்தங்கினால், பெரும்பாலும் சொல்வளமும் உலக அறிவும்தான் போதாமல் இருக்கும்.

சரி, குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறது, ஒரு சொல்லில் நின்றுவிட்டது. உடனே சொல்லிவிடாதீர்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்புறமும் வரவில்லையா, சொல்லின் பின்பகுதியை விரலால் மூடுங்கள். 'பட்' மட்டும் தெரியட்டும். பிறகு விரலை நகர்த்தி 'டாம்'. பிறகு 'பூச்'. பிறகு 'சி'. நான்கையும் சேர்த்துச் சொல்லவையுங்கள், வாக்கியத்தை முதலிலிருந்து ஒருமுறை வாசிக்கவையுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் இப்படி நிற்க வேண்டியிருந்தால் புத்தகம் இப்போதைக்குக் கடினம். அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், குழந்தைக்கு எளிதானதைக் கொடுங்கள். பத்து நிமிடம் போதும். அழுதுகொண்டே வாசிக்கும் அரைமணி நேரத்தால் ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் செய்தும் நகராத குழந்தைகள் இருக்கிறார்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும், இரண்டாம் வகுப்பு நடுவில்கூட எழுத்தையும் ஒலியையும் இணைப்பது போராட்டமாகவே இருந்தால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அது அறிவுக்குறைவு இல்லை, சோம்பலும் இல்லை. பெரும்பாலும் சொல்லின் ஒலிகளைப் பிரித்து அறிவதில் உள்ள சிரமம். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் குழந்தை தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டே போகிறது. இதே ஒலிமுறைப் பயிற்சியை இன்னும் மெதுவாக, இன்னும் அடிக்கடி, தனியாக உட்கார்ந்து கொடுத்தால் பலன் தெரியும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "எப்படிப் படிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா படிக்கிறான், கொஞ்சம் கவனம் வேணும்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, பார்த்திராத சொல்லைத் தானாகக் கூட்டி வாசிக்கிறானா, எந்த எழுத்து வரிசையில் தடுமாறுகிறான், நீங்கள் வாசித்துக் காட்டிய கதை அவனுக்குப் புரிகிறதா, தானே வாசித்த கதை புரிகிறதா என்று கேளுங்கள். கடைசி இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வருகிறதா, வேறு வேறு பதில் வருகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்தில் வேலை இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் வீட்டில் பேச்சும் கதையும் கூட வேண்டும். என் மகளின் பள்ளியில் நடந்த கூட்டத்தில் நான் இப்படிக் கேட்டபோது டீச்சர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மகளின் நோட்டைத் திறந்து, உகர வரிசையில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த நான்கு எழுத்துகளைக் காட்டினார்.